பத்தாவது கட்டை

காலை எட்டு நாற்பதுக்கு, கோபுரத்தின் உச்சியைக் காணவில்லை என்று புது மிஸ்ஸுக்குத் தெரிந்தது.

அந்த மாண்டிசோரி மழலையர் பள்ளியில் சேர்ந்து ஆறு மாதமாகியும் அவள் இன்னும் புது மிஸ்தான். இன்று பத்து மணிக்குப் பெரிய மிஸ் வகுப்பில் வந்து உட்காரப்போகிறார். வேலையை நிரந்தரமாக்குவதா, 'போய் வாம்மா' என்பதா என்று அதன்பிறகு முடிவு. அந்தப் பயத்தில்தான் வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாமல் பிங்க் டவரைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். பத்து மரக் கட்டைகள். பெரியதை அடியில் வைத்து, ஒன்றைவிட ஒன்று சிறியதாக அடுக்கிக்கொண்டே போனால், உச்சியில் சுண்டுவிரல் நகத்தளவில் பத்தாவது நிற்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கணவனைப் பாயில் உட்காரவைத்து, மூன்று வயதுக் குழந்தையாக நடிக்கச் சொல்லி, சத்தமில்லாமல் அடுக்கிக் காட்டிப் பழகினாள். லிஃப்ட் மெக்கானிக்கான அந்தக் குழந்தை பாதியிலேயே தூங்கிவிட்டது.

இப்போது அலமாரியில் ஒன்பதுதான் இருந்தன. போனை எடுத்தாள்.

“ஏங்க, பிங்க் கலர்ல குட்டியா ஒரு கட்டை பாத்தீங்களா?”

“அதுவா? சாப்பாட்டு மேஜை ஆடிட்டே இருந்துச்சுல்ல, கால்ல சொருகிட்டேன். அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு. காலைல காபி சிந்தலையே, கவனிச்சியா?”

“ஐயோ, என் வேலையே போச்சு! பத்து மணிக்குள்ள கொண்டாங்க. வாசல் பக்கம் வந்துடாதீங்க, ஜன்னலுக்கு வாங்க.”

“ஏழாவது மாடியில தொங்கிட்டிருக்கேன்டி.”

“இறங்குங்க!”

அந்த வகுப்பில் சட்டம் இரண்டே இரண்டு. எடுத்த சாமானை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். வேலையில் மூழ்கிய குழந்தையைப் பெரியவர்கள் தொந்தரவு செய்யக்கூடாது. முதல் சட்டத்தை அவள் ஏற்கெனவே உடைத்தாயிற்று. குறையுள்ள சாமானை அலமாரியிலிருந்து எடுத்துவிடலாம்தான். ஆனால் காலி இடம் பெரிய மிஸ் கண்ணில் படாமல் போகாது. யாரும் டவரைத் தொடாமல் இருந்தால் போதும். பெரிய பிள்ளைகள் அதைத் தாண்டிப்போய்விட்டார்கள். புதிதாக வந்தவள் தலையாட்டி ஒருத்திதான். சேர்ந்து மூன்று வாரமாக எதைக் காட்டினாலும் 'மாட்டேன்' என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து நிற்பாள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

பத்து மணி. பெரிய மிஸ் வந்தார். குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

பத்து ஐந்து. தலையாட்டி சுவரை விட்டு நகர்ந்தாள். பாயை எடுத்து விரித்தாள். நேராகப் பிங்க் டவரை நோக்கி நடந்தாள்.

போயும் போயும் இன்றைக்கா! போயும் போயும் அதையா!

மூன்று வாரமாக அவளுக்காகத் தவம் கிடந்த புது மிஸ்ஸுக்கு, ஓடிப்போய்த் தடுக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்குமே அனுமதியில்லை. தலையாட்டி முதல் கட்டையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்து, மூச்சு வாங்கக் கொண்டுவந்தாள். திரும்பப் போனாள். இரண்டு. மூன்று. செடியின் இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

“மிஸ், உங்க மூஞ்சி வேர்க்குது. துடைச்சு விடட்டா?”

“வேணாம் கண்ணு. நீ இலையைத் துடை.”

தலையாட்டி ஒன்பதையும் கொண்டுவந்து அடுக்கினாள். உச்சியில் விரலை வைத்துப் பார்த்தாள். ஏதோ குறைகிறது. பாயைத் தூக்கிப் பார்த்தாள். அலமாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். உதடு பிதுங்கத் தொடங்கியது. ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தால் மறுபடியும் சுவர்தான். அப்புறம் எத்தனை வாரமோ!

அப்போதுதான் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஒரு கை முளைத்தது. கிரீஸ் படிந்த கை. உள்ளங்கையில் பிங்க் நிறத்தில் அது.

புது மிஸ் கண்ணால் ஜாடை காட்டுவதற்குள் தலையாட்டி பார்த்துவிட்டாள். நடந்துபோய், இரண்டு விரலால் நோகாமல் எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உச்சியில் வைத்தாள். கோபுரம் நின்றது. தலையை ஆட்டினாள். முதல் தடவையாக, மேலும் கீழுமாக.

பெரிய மிஸ் எழுதவில்லை.

புது மிஸ்ஸுக்கு உயிர் வந்தது. அரை நிமிடம்தான். தலையாட்டி கோபுரத்தைப் பிரித்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் ஒன்பது கட்டைகளையும் எடுத்த இடத்திலேயே வைத்தாள். பத்தாவதை எடுத்தாள். அலமாரியைத் தாண்டினாள். ஜன்னலுக்குப் போனாள். இன்னும் வெளியே இழுத்துக்கொள்ளாமல் நீட்டியபடியே இருந்த கையில், அதே இடத்தில், அதை வைத்தாள். பாயைச் சுருட்டப் போய்விட்டாள்.

“எடுத்த இடத்துலயே வெச்சுட்டா,” என்றார் பெரிய மிஸ், மெல்ல.

“ஆமா மிஸ்.”

“அந்த இடம் யாரு?”

“எங்க வீட்டுக்காரர், மிஸ்.”

பெரிய மிஸ் நோட்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தலையாட்டியோ பாதி சுருட்டிய பாயை மறுபடி விரித்துவிட்டு, முதல் கட்டையை எடுக்க நடந்துகொண்டிருந்தாள்.

“அசையாம நிக்கச் சொல்லும்மா.”

வெளியே எங்கோ ஏழாவது மாடியில் ஒரு லிஃப்ட் காத்திருந்தது. ஜன்னல் கம்பிக்கு நடுவே கை நீண்டிருந்தது. விரல் ஒன்றைக்கூட மடக்கத் துணியாமல், நடுவில் பிங்க் கட்டையோடு.