மார்ஜரியின் பாட்டுப் புத்தகங்கள்

செபஸ்தியன் ஆறு மணிக்கு எழுந்தான். முகம் கழுவி, அடுப்பு மூட்டினான். சாப்பாட்டு மேசையில் கிடந்த காகிதங்களை அள்ளி நாற்காலியில் வைத்தான். தினமும் செய்வதுதான். அள்ளாமல் அந்த மேசையில் ஒரு கோப்பை தேநீர்கூட வைக்க முடியாது. இன்று மேசை பெட்டிக்கு வேண்டியிருந்தது.

எட்டு மணிக்குப் பெட்டி வந்தது. அவன் மனைவி மார்ஜரியை அதில் கிடத்தினார்கள்.

காகிதங்கள் எல்லாம் அவளுடையவை. சினிமாக் கொட்டகை வாசலில் சில சதங்களுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள், மங்கிப்போன படநோட்டீஸ்கள், குறிப்புகள். ஊமைப்படக் காலத்திலிருந்து இலங்கையில் ஓடிய தமிழ்ப் படங்களின் வரலாற்றை எழுதிவந்தாள். கொழும்புப் பத்திரிகை ஒன்று ஞாயிறுதோறும் அதைப் போட்டது. அவர்கள் ஊரான அலுவிகாரையில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஒரு படம் மாத்தளைக்கு வந்த தேதிக்காக, யட்டவத்தையில் இருந்த பழைய படம் ஓட்டுபவர் நுஹ்மான் நானாவிடம் செபஸ்தியனை மூன்று பள்ளி விடுமுறைகளில் இழுத்துப்போனாள். அவர் மூன்று வெவ்வேறு தேதி சொன்னார். நான்காவது முறைக்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

அவள் தாய் மரியாயி தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாள். அழுவதற்கு முன்னால் கேட்டாள்.

"மாப்பிள்ளை, அவஸ்தைபூசுதல் கெடச்சுதா? சாமி வந்து எண்ணெய் பூசினாரா?"

"சாமி வர முந்தி போயிட்டா, அத்தை."

"சேசு மரி சூசைன்னாவது சொன்னாளா? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க."

அந்த மூன்று பெயர்களைச் சொல்லிப் போனால் நல்ல மரணம். மரியாயியின் முகத்தை அவன் பார்த்தான்.

"சொன்னா."

அதன் பிறகுதான் அவள் அழுதாள்.

உபதேசியார் இராயப்பன் அடக்கப் பூசையின்போது கோவிலில் அவளைப் பற்றிப் பேசுவதற்குக் குறிப்பெடுத்தார்.

"எத்தனை தடவை சொன்னாங்க மாஸ்டர்?"

"எண்ணல."

"மூணுன்னு வச்சுக்குவோம். சிலுவைக்கு முத்தம் குடுத்தாங்களா?"

"சிலுவை முன்னறையில இருந்துச்சு."

"அப்ப அந்தப் பக்கம் பாத்தாங்கன்னு போடலாம்."

பத்து மணிக்குள் குசினியில் இருந்த பெண்கள் மார்ஜரிக்குக் கடைசி நேரத்தில் மாதாவின் காட்சியையும் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஹமீமா வந்தபோது அவளிடம் அதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

இராயப்பன் எழுதியதை வாசித்துக் காட்டினார். "உலகக் கூத்தையெல்லாம் வெறுத்து, ஆண்டவர் நாமத்தை மும்முறை உச்சரித்து..."

"யாரு வெறுத்தது? அவ சினிமா சரித்திரம் எழுதினவ. அதப் போடுங்க."

"கோவில்ல அது நல்லாருக்காது மாஸ்டர். கடைசில எல்லாத்தையும் விட்டுட்டாங்கதானே? நீங்கதானே சொன்னீங்க."

அவன் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சொன்னதிலிருந்துதான் அது வந்திருந்தது.

குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த மரியாயி வந்தாள். நாற்காலியில் இருந்த காகிதக் கட்டைத் தூக்கினாள்.

"விறகு நனைஞ்சு கெடக்கு. தேத்தண்ணிக்கு ஆளுங்க காத்துட்டு இருக்காங்க. இத எடுத்துக்குறேன்."

"அத்தை, அத வைங்க."

"இனி எதுக்கு மாப்பிள்ளை? அவளே வேணாம்னுட்டுப் போயிட்டாளே."

மேலே இருந்தது முப்பது வருஷத்துப் பழைய பாட்டுப் புத்தகம். மரியாயியின் நனைந்த பெருவிரல் பட்ட இடத்தில் கதாநாயகியின் முகம் சிவப்பாகக் கரைந்தது.

"வைங்கன்னு சொல்றேன்ல!"

இராயப்பன் பென்சிலை நிறுத்தினார்.

"சேசு மரி சூசைன்னு அவ சொல்லல, அத்தை. நான் பொய் சொன்னேன்."

மரியாயி காகிதக் கட்டைக் கீழே வைக்கவில்லை. அவனையே பார்த்தாள்.

"பின்ன என்னதான் சொன்னா?"

"நேத்து நாலு மணிக்கு. நெத்தியில போட துணி நனைச்சுக்கிட்டு வந்தேன். நெஞ்சு மேல ஒரு பாட்டுப் புத்தகம் கெடந்துச்சு. எடுக்கப் போனேன். காலையிலருந்து மூடியிருந்த கண்ணத் தொறந்தா."

"தொறந்து?"

"'ஈரக் கையோட தொடாதீங்க. எத்தனை தடவ சொல்றது.'"