எழுபத்தாறு மீட்டர்

அவள் படிக்கட்டு திரும்பும் இடத்தில் மண்டியிட்டு, அளவு நாடாவின் நுனியைச் சுவரோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். எதிர்ச்சுவர் வரை நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். ஸ்ட்ரெச்சரின் நீளம், பிடிகளையும் சேர்த்தால், இருநூற்றுப் பதினைந்து. இதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. சாய்க்காமல் அப்பாவைக் கீழே இறக்க முடியாது என்பது பார்த்தாலே தெரியும். ஆனாலும் இரண்டாவது முறையும் அளந்தாள்.

"என்னக்கா பண்ற?" என்றான் தம்பி, மேல்படியில் நின்று. விடிந்ததும் ரயிலில் வந்து இறங்கியவன் இன்னும் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"தலைப்பக்கம் மேல இருக்கணும். திரும்பும்போது நிமித்தித் தூக்கணும்."

"அதெல்லாம் வேன்காரங்க பாத்துப்பாங்க. நீ மேல வா, அம்மா தனியா இருக்காங்க."

நாடாவை உள்ளே இழுத்துவிட்டு அவள் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். கீழே வாசல் திறந்திருந்தது. அதன் சட்டத்துக்குள் தெருவின் ஒரு துண்டு தெரிந்தது: அகலமான நடைபாதை, அதையொட்டிப் பச்சை வண்ணம் அடித்த சைக்கிள் பாதை, பிறகு கணுக்கால் உயரக் கான்கிரீட் விளிம்பு, அதன்மேல் வரிசையாக மஞ்சள் கம்பங்கள். அதற்கு அப்பால்தான் கார்களும் பஸ்களும். கம்பத்துக்குக் கம்பம் ஒன்றரை மீட்டர். வாசலில் தெரிந்த வரை விளிம்பு எங்கும் அறுபடவில்லை. எல்லாம் அவள் வரைந்தது.

மாநகராட்சியின் சாலைப் பிரிவில் அவளுக்குப் பதினான்கு வருட வேலை. இந்தத் தெருவுக்காக மட்டும் மூன்று வருடம் உழைத்திருந்தாள். அதற்கு முந்தைய நான்கு வருடத்தில் இங்கே பதினோரு பேர் செத்திருந்தார்கள். ஆறு பேர் நடந்து போனவர்கள், ஐந்து பேர் சைக்கிளில் போனவர்கள். புதிய தெரு திறந்து ஐந்து மாதம் ஆகிறது, ஒருவர்கூடச் சாகவில்லை. போன வாரம் மேலதிகாரி அந்தக் கணக்கைக் கூட்டத்தில் வாசித்தபோது எல்லோரும் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா இதே தெருவில் முப்பத்தொரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தில் அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். திட்டத்தைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்ட கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டு மெத்தைக்கடைக்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கடை வாசலில் வண்டி நிறுத்த முடியாவிட்டால் மெத்தையை வாங்குபவன் தலையில் சுமந்துகொண்டா போவான் என்று சத்தம் போட்டார். அப்பா வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவிடம் மட்டும் சொன்னார்: "ஆயுசு பூரா சைக்கிள்காரனைத் திட்டித் திட்டியே வண்டி ஓட்டினேன். என் பொண்ணு அவனுக்குன்னு தனி ரோடு போட்டுக் குடுக்குறா. அவன் சாபம்தான் எனக்குப் பொண்ணா வந்து பொறந்திருக்கு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

நேற்றுக் காலை ஒன்பது பத்துக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் ஆறு நிமிடத்தில் வந்துவிட்டது. ஜன்னலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வண்டி வீட்டுக்கு நேராக வேகத்தைக் குறைத்தது. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் இன்னொன்று. நிறுத்த இடமில்லாமல் முன்னே நகர்ந்து, வண்டிகள் ஒதுங்கி நிற்க விளிம்பில் விட்டிருந்த இடைவெளிக்குள் நுழைந்து, வங்கி வாசலில் நின்றது. அங்கிருந்து வீட்டு வாசலுக்கு எழுபத்தாறு மீட்டர். இரண்டு பேர் பையோடு ஓடி வந்தார்கள். மாடியேறி வந்து, அப்பாவைத் தரையில் கிடத்தி, மார்பை அழுத்த ஆரம்பித்தார்கள். கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் போதாது என்று இளையவன் திரும்ப ஓடினான். அவன் பச்சைப் பாதையில் ஓடியதையும், எதிரில் சைக்கிளில் வந்த பெண் தடுமாறி ஒரு காலை ஊன்றி நின்றதையும், சிலிண்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி அவன் திரும்பி வந்ததையும் அவள் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமலேயே மனம் நொடிகளை எண்ணியது. போக இருபத்தாறு, வர நாற்பது, மாடியேற வேறு.

பிறகு வந்த டாக்டரிடம் அவள் தனியாகக் கேட்டாள். பெரிய அடைப்பு என்றார். நேரம் ஒரு காரணமாக இருந்திருக்குமா என்று கேட்டதற்கு, அப்படி உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்றார். இருந்திருக்காது என்று அவர் சொல்லவில்லை.

மேலே கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். அப்பாவின் கால்மாட்டில் அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மெத்தைக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். வந்தவர்களுக்கு டீ போதுமா என்று விசாரித்தார். ஜன்னலை மூடு என்று அம்மா சொன்னாள். மூடினால் புழுங்குகிறது என்று யாரோ திறந்தார்கள். திறந்தால் பஸ் சத்தம். மறுபடி மூடினார்கள்.

அவளுடைய செல்போன் அதிர்ந்தது. தெரு வேலையைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசர். விஷயம் இப்போதுதான் தெரிந்தது என்று வருந்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேடம், உங்க வாசல்ல நாலு கம்பத்தைக் கழட்டி, விளிம்பு மேல இரும்புத் தகடு போட்டுடறேன். அரை மணி நேர வேலை. வேன் வாசல்லயே வந்து நிக்கும். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"வேண்டாம்."

"நம்ம சாருக்காக, மேடம்."

"வேண்டாம்னு சொன்னேன். தேங்க்ஸ்."

தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். அவளைச் சமையலறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினான்.

"ஏன் வேண்டாங்கற?"

"இன்ஜினியர் வீட்டுக்குன்னா கழட்டுவாங்களான்னு கேப்பாங்க."

"செத்தவருக்கும் ரூல்ஸா?" அவன் குரலை உயர்த்தவில்லை. "சரி, அதை விடு. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அந்த இடைவெளியை நம்ம வீட்டுப் பக்கமா விட்டிருக்க முடியாதா? எதுக்கு வங்கி வாசலுக்குப் போச்சு?"

பஸ் நிறுத்தத்திலிருந்து இத்தனை தூரம் தள்ளி இருக்க வேண்டும், ஒரு இடைவெளிக்கும் அடுத்ததற்கும் நடுவே இத்தனை மீட்டர் வேண்டும், சைக்கிளில் வருபவர்களுக்கு முன்கூட்டியே கண்ணில் பட வேண்டும் என்று சொன்னாள். அதில் எதுவுமே பொய்யில்லை. அவன் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கழுவி வைத்தான்.

அவள் கதவில் சாய்ந்து நின்றாள். முதல் வரைபடத்தில் இடைவெளி இந்த வீட்டு வாசலில்தான் இருந்தது. சொன்ன விதிகள் எல்லாம் அங்கேயும் பொருந்தின. சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே பொருந்தின. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தபோது அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். ரூட்டைத் தேடுபவர் போல விரலைத் தெரு நெடுக நகர்த்திக்கொண்டே போய், இடைவெளியைக் குறிக்க மஞ்சள் கோடு போட்ட கட்டத்தில் நிறுத்தினார்.

"இது நம்ம வீடுதானே? பரவாயில்லையே. எங்க டிப்போ மேனேஜர் வீட்டு வாசல்ல பஸ் ஸ்டாப் வந்த கதைதான். ஊரே சிரிச்சுது அப்ப."

அவர் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. மறுநாள் அலுவலகத்தில் முதல் வேலையாக அந்தக் கட்டத்தைப் பிடித்து இழுத்து வங்கி வாசலில் வைத்தாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரு திறந்த அன்று அப்பா மட்டும் விளிம்பைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்து, "வண்டி நிக்கிற இடம் எங்கம்மா ஓடிப்போச்சு?" என்று கேட்டார். அங்கேதான் சரியாக வரும் என்றாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். அதன்பின் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இதைத் தம்பியிடம் சொல்ல வாயெடுத்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சொல்ல வேண்டியிருக்கும். அப்பா பேசியதையும் சொல்ல வேண்டியிருக்கும். கூடத்தில் வாயைக் கட்டிக் கிடத்தியிருக்கும் மனிதரைச் சாட்சிக்கு இழுப்பது போல ஆகும். சொல்லாமல் விட்டால், இந்தத் தெருவில்தான் அவள் தினமும் வேலைக்குப் போக வேண்டும். இந்த ஜன்னல் இங்கேதான் இருக்கும்.

மூன்று மணிக்கு வேன் டிரைவர் போனில் கூப்பிட்டார். வங்கி வாசல் இடைவெளியில் ஒரு லாரி பழுதாகி நிற்கிறது, இழுத்துப் போக வண்டி வரவில்லை. வேன் எதிர்ப்பக்கத்து இடைவெளியில் நிற்கிறது. சுற்றி வந்தாலும் இந்தப் பக்கம் நிறுத்த இடமில்லை. நாலரைக்குத் தகன மேடையில் நேரம் கொடுத்திருக்கிறார்கள், விட்டால் நாளைக்குத்தான்.

தம்பி அவளைப் பார்த்தான். சூப்பர்வைசரைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறதா என்று யாரோ கேட்டார்கள். அம்மா எழுந்து நின்றாள்.

"தூக்கிட்டுப் போய் ரோட்டைத் தாண்டுங்க. அவர் தாண்டாத ரோடா?"

வேன் ஆட்கள் இருவர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அவர்கள் கால்பக்கம், தம்பியும் மெத்தைக்கடைக்காரரும் தலைப்பக்கம். படிக்கட்டுத் திருப்பத்தில் கிட்டத்தட்ட நிற்கவைத்துத்தான் இறக்க முடிந்தது. பட்டைகள் இழுபட்டு முனகின. மெத்தைக்கடைக்காரர், "மெதுவா டிரைவர், மெதுவா," என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலேயே சொல்லிக்கொண்டு வந்தார்.

சைக்கிள் பாதையைத் தாண்டும்போது இரண்டு சைக்கிள்கள் தாமாகவே நின்றன. நடப்பவர்கள் கடக்கும் கோடுகளின் முன் அவள் சிக்னல் பொத்தானை அழுத்தினாள். பச்சை மனிதன் வந்தான். பதினெட்டு நொடி. நொடிக்கு ஒரு மீட்டருக்கும் சற்று அதிகமாக நடக்கும் ஒருவரை வைத்து அவள் போட்ட கணக்கு அது. முதியவர்களுக்காக மூன்று நொடி கூட்டவும் செய்திருந்தாள். பாரம் தூக்கி, அடிக்கு அடி ஒத்துப் போக வேண்டிய நாலு பேரை எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை. அவர்கள் தெருவின் நடுவே இருந்த திட்டை அடைந்தபோது பச்சை மனிதன் சிமிட்ட ஆரம்பித்துவிட்டான்.

"நில்லுங்க," என்றாள். "இனிமே போக முடியாது."

நின்றார்கள். திட்டின் அகலம் இரண்டு மீட்டர். குழந்தை வண்டி, சக்கர நாற்காலி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கும் ஆள், எல்லாம் வைத்துப் பார்த்து அவள் போராடி வாங்கிய இரண்டு மீட்டர். அப்பாவின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு பஸ் ஹாரன் அடித்தது. வேன் ஆட்கள் அடியடியாக நகர்ந்து, ஸ்ட்ரெச்சரைத் தெருவின் போக்கிலேயே நீளவாக்கில் திருப்பினார்கள். இரு பக்கமும் வண்டிகள் கிளம்பின. போர்த்தியிருந்த துணியின் ஓரம் காற்றில் எழும்ப, அம்மா அதைக் கையால் அழுத்திக்கொண்டாள். சிக்னலின் சிவப்பு எண் எண்பத்து நான்கிலிருந்து இறங்க ஆரம்பித்தது.

"கீழ வெச்சுடலாமா?" என்று கேட்டார் வேன் ஆள்.

"ரோட்டுல வெக்காதீங்க," என்றாள் அம்மா.

யாரும் வைக்கவில்லை. மெத்தைக்கடைக்காரருக்கு மூச்சு வாங்கியது. எழுபத்தொன்று. எழுபது. எந்தப் பக்கமும் போக வழியில்லை. அவள் தம்பிக்குப் பக்கத்தில், அப்பாவின் தலைமாட்டில் நின்றாள்.

"முதல் பிளான்ல அந்த இடைவெளி நம்ம வாசல்லதான் இருந்துச்சு," என்றாள். "நான்தான் தள்ளி வெச்சேன்."

அவன் திரும்பவில்லை. எதிரே ஓடும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு?"

அப்பாவின் நெற்றி துணிக்கு வெளியே தெரிந்தது. கண்ணாடி பதிந்த தடம் மூக்கின் இரு பக்கமும் இன்னும் இருந்தது.

"யாராவது ஏதாவது சொல்வாங்கன்னு."

ஐம்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. அம்மா துணியிலிருந்து கையை எடுக்கவில்லை. கேட்டாளா இல்லையா என்பது அவள் முகத்தில் தெரியவில்லை. ஒரு லாரி கடந்தபோது திட்டு லேசாக அதிர்ந்தது.

"அண்ணே, நீங்க விடுங்க," என்றான் தம்பி மெத்தைக்கடைக்காரரிடம். பிறகு அவளிடம், "பிடி," என்றான்.

மெத்தைக்கடைக்காரரின் கையிலிருந்து பிடியை அவள் வாங்கிக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவள் தம்பியைவிட ஒரு சாண் குள்ளம். ஸ்ட்ரெச்சர் அவள் பக்கமாகச் சரிந்து, அப்பாவின் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. தம்பி அதைப் பார்த்தான். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தன் பக்கத்தை அவள் கையின் மட்டத்துக்குத் தாழ்த்தி, அப்படியே நின்றான்.

எண் முப்பத்தொன்றில் இருந்தது.