முதலில் கடலோரம்

"உறவுகளே, வணக்கம். மொதல்ல கடலோரம். மண்டபம், ராமேஸ்வரம், தொண்டிப் பக்கம் காத்து வேகமா வீசும். அலை ஒசரமா வரும். யாரும் கடலுக்குப் போகாதீக. இப்ப நம்ம உள்மாவட்டம். தேனியில நாளைக்குச் சாயங்காலம் இடி மின்னலோட கனமழை. இடுக்கிக்கும் மஞ்ச அலர்ட் குடுத்திருக்கான். பழம் வச்சிருக்கவுக சூதானமா இருந்துக்கங்க."

தினமும் எங்கள் குழுவுக்கு வானிலை சொல்லும் திராட்சை விவசாயி தங்கப்பாண்டியன் அண்ணனின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தபோது, நான் கம்பத்தில் என் பழ மண்டி வாசலில் நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் இருப்பவர்கள் அண்ணனின் ஊரான சுருளிப்பட்டிச் சுற்றுவட்டாரத் திராட்சை விவசாயிகளும் என்னைப் போன்ற வியாபாரிகளும்தான். எங்களுக்கு இரண்டு பக்கமும் மலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி அரைநாள் போக வேண்டும். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், "அண்ணே, சுருளிப்பட்டியில கடல் எங்கன இருக்கு?" என்று கேட்டுவைத்தார். நான்தான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு விவரம் சொன்னேன்.

விவரம் இதுதான். அண்ணனுக்கு ஒரே மகள், யுவராணி. ராமநாதபுரத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள், வலைக்கயிறு கையை அறுத்துவிட்டதென்று தையல் போட்டுக்கொள்ள வந்த மண்டபத்துப் பையன் விஜய்ராஜைக் கட்டிக்கொண்டாள். விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன், வேறு சாதி, வேறு சாமி. அண்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை. இரண்டு வருடமாக மகளோடு பேச்சும் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து அவருடைய வானிலைச் செய்தியில் கடலோரம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணி ஜோதிலட்சுமி அதை அப்படியே மகளுக்கு அனுப்பிவிடுவார். அவர் அனுப்புவது அண்ணனுக்குத் தெரியாது என்பது அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து வைத்திருக்கும் ஏற்பாடு. என்றைக்காவது அண்ணி மறந்துவிட்டால் மட்டும், "ஏ ஜோதி, ஒன் போன்ல நெட்டு இருக்கா?" என்று அண்ணன் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். இவ்வளவு வீம்பு பிடித்த ஒரு மனிதர் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அன்று காலையே அவர் தோட்டத்துக்குப் போனேன். பந்தல் முழுக்கப் பன்னீர் திராட்சை கறுத்துத் தொங்கியது. இன்னும் சில நாள் விட்டால் இனிப்பு ஏறும். ஆனால் மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை நானே வாங்க மாட்டேன். இவர் செய்தியைக் கேட்டுப் பள்ளத்தாக்கே அறுப்பில் இறங்கிவிட்டதால், இவருக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நான் நிக்கேன் பாய்," என்றார்.

பேச்சை மாற்றலாமென்று வாயைக் கொடுத்தேன். "அண்ணே, சித்திரை பெறந்ததுல இருந்து ரெண்டு மாசம் அந்தப் பக்கம் விசைப்படகே கடலுக்குப் போகக் கூடாதாம்ல? மீன் குஞ்சு பொரிக்கிற காலமாம். மீன் வண்டி டிரைவர் சொன்னாரு. நீங்க என்னடான்னா, தெனமும் போகாதீக போகாதீகன்னு சொல்லிக்கிட்டு இருக்கீக."

அண்ணன் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். "அப்ப மாப்ள கரையிலதான் இருக்காகளா?"

மாப்ள என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

கொடிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணி பதில் சொன்னார். "கரையிலதான். வலை சரிபண்ணிக்கிட்டு இருக்காக. போன வருசமும் இப்பிடித்தான்."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"மாப்ளதான் சொல்லக் கூடாதுன்னாக. சொன்னா மாமா கடலோரம் சொல்றத நிப்பாட்டிருவாக, அப்புறம் அவுக குரல் கேக்காதுன்னாக."

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வையைத் துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது. நான் கொடியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"ஆளு பத்தல," என்றார் கடைசியில். "சும்மாதான இருக்காக. வந்து நாலு குலை அறுத்துக் குடுத்தா என்னவாம்னு கேளு."

"நீங்களே கேளுங்க," என்று அண்ணி தன் போனை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு பந்தலின் கடைசிவரை நடந்துபோனார். என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது, "ராவு பஸ் ஏறுறாகளாம்," என்று மட்டும் சொன்னார்.

விடியற்காலையில் வந்து இறங்கினார்கள். யுவராணி அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "சரித்தா, சரித்தா," என்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார் அண்ணன். விஜய்ராஜ் நெட்டை, பந்தலுக்குள் குனிந்துதான் நிற்க முடிந்தது. "பழத்தத் தொடாம காம்பப் பிடிங்க," என்று அண்ணன் ஒருமுறை காட்டிக்கொடுத்தார். வலை இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கையில் ஒவ்வொரு குலையும் அலுங்காமல் பெட்டிக்குள் இறங்கியது.

மதியம் தாண்டியதும் குமுளிப் பக்கம் மேகம் கவிந்து மலை மறைந்தது. கடைசி வரிசைகள் இன்னும் பாக்கி. அண்ணன் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, கொடிகளின் இடைவெளியில் தலையை வெளியே நீட்டினார்.

"மாப்ள, நீங்க வானம் பாத்துத் தொழில் பண்ற ஆளு. இது எப்ப எறங்கும்?"

விஜய்ராஜ் பக்கத்தில் வந்து நிமிர்ந்தான். அவன் தலையும் வெளியே போனது.

"தெரியல மாமா. எங்க பக்கம் மலை கிடையாது."

அண்ணன் சிரிப்பது மேலிருந்து கேட்டது. கீழே நின்ற எங்களுக்கு இருவர் தலையும் தெரியவில்லை. தோளோடு தோள் ஒட்டிய இரண்டு உடம்புகளும், அவர்கள் கையில் ஆளுக்கொரு குலையும்தான் தெரிந்தன. குளிர்ந்த காற்று வந்து பந்தல் முழுக்க இலைகளைப் புரட்டியது. இரண்டு பேரும் தலையை உள்ளே இழுக்கவில்லை.