தாயம்மா அண்ணி கட்டிய பூ

மார்பில் கட்டி இருப்பதை நான் முதலில் சொன்னது என் நாத்தனார் தாயம்மாவிடம். அதுதான் நான் செய்த தப்பு. புருஷனிடம் சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டு ஹில்டா அக்கா ஒரு கிளினிக்கில் நர்ஸ், அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டி கையில் தட்டுப்பட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அண்ணி பூக்கூடையோடு வாசலில் வந்து நின்றாள். நான் என்ன செய்ய?

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், வைகாசி மாதம். முத்தாபுதுப்பேட்டையில் வாடகை வீடு. என் புருஷன் எத்திராஜ் ஆவடியில் ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டர். பாப்பாவுக்கு நாலு மாதம். அன்றைக்குக் காலையில் அவளுக்குப் பால் கொடுத்துத் தூங்கப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். சோப்புப் போடும்போது இடது மார்பில், அக்குள் ஓரமாக, கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. அழுத்தினால் நழுவியது. வலி இல்லை.

வலி இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது. பால் கட்டிக்கொண்டால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் மாதத்திலேயே வந்து, காய்ச்சலில் பல் கிட்டிக் கிடந்திருக்கிறேன். இது அது இல்லை. எங்கள் தெருக்கோடி அன்னம்மாள் இதே மாதிரி வலிக்காத கட்டியை வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்தாள். அவள் செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். எனக்கு ஒன்றுதான், அதுவும் இன்னும் குப்புற விழக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. ஈரத்தலையோடு அப்படியே நின்றேன்.

தாயம்மா அண்ணி என் புருஷனுக்குக் கூடப்பிறந்த அக்கா. பூந்தமல்லியில் இருந்துகொண்டு திருவேற்காடு கோயில் வாசலில் பூ விற்பாள். புருஷன் இல்லை. ஒரு பிள்ளை பிறந்து தவறிவிட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். வாரம் ஒரு தடவை பாப்பாவைப் பார்க்க பஸ் மாறி வருவாள். வந்தால் வீட்டில் என் வேலை ஒவ்வொன்றிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பாள். நானும் சும்மா இருக்கமாட்டேன்.

“இன்னாடி, மூஞ்சி ஒரு மாரி கீது?” என்றாள்.

சொன்னேன். கூடையை இறக்கி வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது.

“பாப்பாக்கு இந்தப் பக்கம் குட்தியா?”

“இப்பதான் குட்தேன்.”

“இனிமே குடுக்காத. ரெண்டு பக்கமும் குடுக்காத. கெட்ட பாலு உள்ள போனா கொயந்த தாங்காது.”

“நீ பெரிய டாக்டரு பாரு” என்றேன். வழக்கமாக இதற்கு ஒன்பது பதில் சொல்வாள். அன்றைக்குக் கோபிக்கவே இல்லை. என் எதிரில் உட்கார்ந்து, குரலை இறக்கிச் சொன்னாள்.

“எனக்கும் இதே எடத்துல வந்துச்சி ஜெகதா. எம்புள்ள வேம்புலிக்கு அப்போ மூணு மாசம். எங்க மாமியா மல்லிப்பூ எட்தாந்து வச்சிக் கட்டுச்சி. நாலு நாள்ல பாலு வத்திப்போச்சி. அப்பறம் கட்டியும் தானா கரைஞ்சிடுச்சி. நான் பொயச்சிக்கினேன். அவன்தான் அதுக்கு முன்னயே குட்ச்சிட்டான். அந்தப் பாலுதான் அவன எட்துக்கினு போச்சி.”

“இன்னா ஆச்சி அவனுக்கு?”

“மாட்டுப்பாலு, கஞ்சித்தண்ணி, எல்லாம் குட்துப் பாத்தோம். எது குட்தாலும் வாந்தி, பேதி. ரெண்டே மாசம்.”

பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை தவறிப்போனவளுக்கும் கட்டுவார்கள். பால் வற்றிவிடும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கட்டியும் கரையும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். பயந்துபோயிருக்கிறவளுக்கு எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும். கூடையிலிருந்து உதிரிப்பூவை அள்ளிப் பழைய வேட்டித் துணியில் பரப்பினாள். இரண்டு பக்கமும் கட்டினால் என் பிள்ளை பட்டினி கிடக்கும் என்று சண்டை போட்டேன். கடைசியில் இடது பக்கத்துக்கு மட்டும் கட்டிக்கொள்ளச் சம்மதித்தேன்.

சாயந்திரம் புருஷனிடம் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் போய் ஹில்டா அக்காவைக் கூட்டிவந்தார். அவள் பூவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“யாருடி இந்த வேலைய பண்ணது? இத்த அவுத்துப் போட்டுட்டுக் கொயந்தைக்குக் குடு. இது இன்னான்னு எனக்கும் சொல்லத் தெரியாது. பெரியாஸ்பத்திரில திங்கக்கெயம ஒரு டாக்டரம்மா பாப்பாங்க. போய்க் காட்டு. அன்னம்மா மாரி மூடி வச்சிக்கினு ஒக்காராத.”

“கெட்ட பாலு இல்லன்னு நீ எயுதிக் குடுப்பியா?” என்று, இன்னும் ஊருக்குத் திரும்பாமல் இருந்த அண்ணி கேட்டாள். ஹில்டா அக்காவால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. அவள் போன பிறகு பூவை மாற்றிக் கட்டினோம்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று மூன்று நாள் ஓட்டினேன். பாப்பா வலது பக்கம் குடித்துவிட்டுப் போதாமல் கத்துவாள். பசும்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினால் துப்புவாள். இடது பக்கம் கல்லாகக் கனத்துத் துணியெல்லாம் நனைந்தது. அந்த மல்லிகை வாசனையோடு பால் வாசனையும் சேர்ந்து எனக்குக் குமட்டியது. பாதிப் பூவைப் பிய்த்துப் போடுவேன். அன்னம்மாள் ஞாபகம் வரும், திரும்ப வைத்துக் கட்டிக்கொள்வேன்.

திங்கட்கிழமை எத்திராஜுக்கு லீவு கிடைத்தது. ஆனால் பொம்பளைகளைப் பார்க்கிற இடத்தில் அவரை உள்ளே விடமாட்டார்கள். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள அண்ணிதான் வந்தாள். ஆவடியிலிருந்து ரயில். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் ஆம்பிளை. என் பின்னால் நாற்பது பேர்.

“உடம்புக்கு என்னம்மா?”

எனக்கு ஊருக்கெல்லாம் வாய் நீளும், அங்கே ஊமையாக நின்றேன். அண்ணி முன்னால் வந்தாள். “கட்டி” என்றாள்.

“எங்க?”

“ஒடம்புலதான். பொம்பள டாக்டராண்ட எயுது நைனா, கொயந்த கத்துது.”

அவர் எழுதினார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். எனக்காக அவள் வாயைத் திறந்த அந்த ஒரு நிமிஷம், அவள் மேல் இருந்த கோபமெல்லாம் போனது.

டாக்டரம்மா நடுவயசு, கண்ணாடி. கட்டை அவிழ்த்ததும் வாடிய பூ மேஜையெல்லாம் கொட்டியது. அவர் அதை ஒதுக்கிவிட்டுக் கட்டியை நாலு பக்கமும் பிடித்துப் பார்த்தார். அக்குளில் அழுத்திப் பார்த்தார். எத்தனை நாளாக, வலிக்குதா, காம்பில் ரத்தம் வருதா, வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். பிறகு ஊசியை எடுத்தார்.

“சின்னதா குத்துவேன். உள்ள என்ன இருக்குன்னு பார்த்துடலாம். கெட்டியா இருந்தா அடுத்து என்ன பண்றதுன்னு அப்புறம் பேசலாம்.”

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பாவுக்கு அம்மா இருப்பாளா மாட்டாளா என்பது அந்த ஊசிக்குள் இருந்தது. சுருக்கென்றது. “இங்க பாரு” என்றார் டாக்டரம்மா. திரும்பினேன். ஊசிக் குழாய் நிறைய வெள்ளை வெளேரென்று பால். மார்பைத் தொட்டுப் பார்த்தேன். கட்டியைக் காணோம்.

“வெறும் பால்தான். வர்ற வழி அடைச்சுக்கிட்டு உள்ள தேங்கி நின்னிருக்கு. எதுக்கும் ஒரு சொட்டு டெஸ்டுக்கு அனுப்பறேன், அடுத்த வாரம் வா. பயப்பட ஒண்ணுமில்ல.”

அடுத்த வாரம் வந்த ரிசல்ட்டிலும் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அன்றைக்கே உயிர் திரும்பிவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன்.

அண்ணி பாப்பாவோடு சுவரோரம் நின்றிருந்தாள். “அது கெட்டுப்போன பாலு இல்லியா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. நல்ல பால். இவ தாராளமா ரெண்டு பக்கமும் குடுக்கலாம்.”

“பூ கட்டலன்னாலும் கரைஞ்சிடுமா?”

“சில பேருக்குத் தானா கரையும். பூவுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. பூ கட்டினா பால் நிக்கும், அவ்வளவுதான். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்திட்டு மாட்டுப்பாலும் கஞ்சியும் குடுத்து, வயித்தால போய் எத்தனை பிள்ளைங்க இங்க வருது தெரியுமா? எல்லாத்தையும் காப்பாத்த முடியறதில்ல. இனிமே யாருக்கும் இப்படிக் கட்டாதீங்க.”

அண்ணி பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, மேஜை மேல் கிடந்த வாடிய பூவை ஒன்று விடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். டாக்டரம்மா திட்டியதில் ரோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷமும்பட்டேன். ரயிலில் ஏறியதும் கேட்கவேண்டியதை எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். மூணு நாள் எம்புள்ளையக் கத்த உட்டியே, இப்ப இன்னா சொல்ற?

மத்தியான ரயிலில் கூட்டமில்லை. எத்திராஜ் கதவோரம் நின்றுகொண்டார். பாப்பாவை இடது பக்கம் போட்டேன். முதலில் முகத்தைத் திருப்பினாள். பூ வாசனை இன்னும் போகவில்லை. தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அழுதாள். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டாள். அவள் விழுங்குகிற சத்தம் கேட்டது. சரி, இப்போது கேட்டுவிடலாம் என்று அண்ணி பக்கம் திரும்பினேன்.

“ஜெகதா” என்று அவளே கூப்பிட்டாள். பாப்பாவின் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா அண்ணி.”

“அது நல்ல பாலுதான?”

அவள் கேட்டது வேம்புலி குடித்த பாலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரிசையாக வைத்திருந்ததில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. நான் யாருக்காகவும் பொய் சொல்கிறவள் இல்லை. அன்றைக்குச் சொன்னேன்.

“உனக்கு வந்தது வேற மாரிக் கட்டியா இருக்கும் அண்ணி. எல்லாருக்கும் ஒண்ணேவா வரும்?”

“இதே எடம். வலி இல்ல. அமுக்குனா நழுவும்.”

“ஊசி போட்டுப் பாத்தாதான தெரியும்? அப்ப யாரு பாத்தா?”

“யாரும் பாக்கல” என்றாள்.

அம்பத்தூர் வந்து போனது. அவள் கை முந்தானை முடிச்சை நெருடிக்கொண்டே இருந்தது.

“அவனுக்கு என் வாசன வந்தா கத்துவான்னு பக்கத்து ஊட்ல வச்சிருந்தாங்க. அப்பவும் அவன் கத்துறது எனக்குக் கேக்கும். அவன் கத்துனா இங்க பாலு சொட்டும் ஜெகதா. பூவெல்லாம் நனைஞ்சி பாயில வழியும். நாலு நாளு வழிஞ்சிச்சி.”

ஆவடி வரும்வரை பாப்பாவை இடது பக்கமே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரயில் நின்றதும் அண்ணி முதலில் எழுந்தாள். பாப்பா முகத்தில் வெயில் படாமல் என் முந்தானையை இழுத்துவிட்டு, “அவ குடிக்கட்டும், மெதுவா எறங்கு” என்றாள்.