இரட்டைச் சைபர்

நாலு மணி அடித்து ஐந்து நிமிடம் வரை அந்த வக்கீல் ஆபீஸின் குமாஸ்தா அம்மாள் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

முன்பெல்லாம் வழக்குக் காகிதங்களை ஒவ்வொரு பிடிஎஃப்பாகத் திறந்து ஒன்றாகச் சேர்ப்பதற்குள் கண் பூத்துப்போகும். இந்த மாதம்தான் அதற்கொரு தானியங்கிச் சேவை வந்திருந்தது. நாலு மணியானால் வழக்கின் ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் எண் வரிசையில் ஒரே பிடிஎஃப்பாக்கி எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே அனுப்பிவிடும். நல்ல வேலைக்காரன்தான். சொன்னதைச் செய்யும், ஏன் என்று கேட்காது.

அனுப்பியதன் நகல் வந்தது. நாற்பத்திரண்டு பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்துமூன்று. திறந்து பார்த்தாள்.

முதல் பக்கத்தில், கட்சிக்காரப் பெண் மகளோடு ஒளிந்திருக்கும் வீட்டின் விலாசம்.

அவள் கழுத்தை இரண்டு முறை நெரித்த புருஷனுக்கு, இந்த வழக்கின் எதிர்த்தரப்புக்கு, இதுவரை தெரியாத விலாசம். வெளியே போகக் கூடாத காகிதத்தின் பெயருக்கு முன்னால் இரண்டு சைபர் போடுவது அந்த ஆபீஸின் பழக்கம். ஆரம்பித்து வைத்ததே குமாஸ்தா அம்மாள்தான். சைபரைப் பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள். சேவைக்கு அதெல்லாம் என்ன தெரியும்? சைபர் ஒன்றுக்கு முன்னால் வரும், அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பு ஆபீஸுக்கு போன் போட்டாள். அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போனது.

"எங்க கட்சிக்காரர் இங்கதான் இருந்தாரு மேடம். முதல் பக்கத்தைப் பாத்ததுமே எழுந்து போயிட்டாரு. ஏன், ஏதாவது விட்டுப்போச்சா?"

போனை வைத்துவிட்டு அந்தப் பெண்ணை அழைத்தாள்.

"உடனே பொண்ணைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துடும்மா. விலாசம் அவன் கைக்குப் போயிடுச்சு. போலீஸுக்கு நான் சொல்றேன்."

"யாரு குடுத்தாங்கக்கா?"

பழியைச் சேவையின் தலையில் கட்டும் பதில் நாக்கு நுனிவரை வந்தது. "நான்தாம்மா."

"பை கதவுக்குப் பின்னாலதான் இருக்கு. எப்பவும் ரெடியாதான் வச்சிருப்பேன்."

"மறுபடியுமா அம்மா?" என்றது ஒரு சின்னக் குரல்.

படியிறங்கும் சத்தம் கேட்டது. குமாஸ்தா அம்மாள் பக்கத்து மேஜை போனில் போலீஸுக்கு விவரம் சொன்னாள், இன்னொரு காதில் உயிரை வைத்துக்கொண்டு. தெரு இரைச்சல். ஓட்டமும் நடையுமாக மூச்சிரைப்பு. கடைசியில் பஸ் கதவு சாத்திக்கொண்டது.

"ஏறிட்டியாம்மா? எங்க போறே?"

"அதை மட்டும் உங்ககிட்ட சொல்ல மாட்டேங்கா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்தாள்.