உண்மை நிலை அறிக்கை

“அப்பொ நான் எழுதினது தப்புன்னு நானே எழுதணுமா சார்?”

“தப்புன்னு யாரும்மா எழுதச் சொன்னா? ‘உண்மைக்குப் புறம்பானது’ன்னு எழுது. எப்பவும் எழுதுறதுதான?”

கண்காணிப்பாளர் காசிராஜன் கோப்பை அழகுத்தாயின் மேசைக்கே தள்ளிவிட்டார். உள்ளே வெள்ளைத்தாளில் பசை போட்டு ஒட்டிய பத்திரிகைத் துண்டு. ராஜபாளையத்தில் ஒரு தெருவின் ரேஷன் கடை காலை பத்து மணிக்குத் திறந்து பன்னிரண்டுக்கே அடைத்துவிடுகிறது, பகல் ஷிப்டுக்குப் போகும் மில் பெண்களுக்கு மூன்று மாதமாக மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று வாசகர் கடிதம். அடியில் அழகுத்தாயின் பெயர், தெரு, 1988-ஆம் ஆண்டுத் தேதி, எல்லாம் சுத்தமாக அச்சாகியிருந்தது.

அந்தக் கடையை நடத்துவது அவள் வேலை பார்க்கும் இதே கூட்டுறவுப் பண்டகசாலைதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அதன் தலைமை அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பண்டகசாலையைப் பற்றிப் பத்திரிகையில் எது வந்தாலும் வெட்டி ஒட்டி, அந்தக் கடையைக் கவனிக்கும் எழுத்தரிடம் அனுப்புவார்கள். அவர் ‘உண்மை நிலை’ எழுதுவார். பண்டகசாலையை நிர்வகிக்கும் தனி அலுவலர் கையெழுத்திட, பத்திரிகைக்கு மறுப்பு போகும். ராஜபாளையம் கடைகள் அழகுத்தாயின் பொறுப்பு. வெட்டி ஒட்டி, மேசை மேசையாகக் கோப்பு சுமக்கும் மாரிச்சாமி பெயரைப் படித்தாரோ இல்லையோ, கோப்பு செக்குமாடு போலப் பழகிய வழியில் அவளிடமே வந்து நின்றது. கூடவே, பெயரைக் கவனித்துவிட்ட தனி அலுவலரிடமிருந்து ஒரு மெமோ: அனுமதியின்றிப் பத்திரிகைக்கு எழுதியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?

தகுதிகாண் பருவம் முடிய இன்னும் பத்தொன்பது நாள். அதற்குள் அவளை வீட்டுக்கு அனுப்ப ஒரு வரி உத்தரவு போதும்.

“சார், நான் எழுதுனது பொய்னா, ஏன் பொய் எழுதுனேன்னுல்ல மெமோவுல கேட்டிருக்கணும்? அனுமதி வாங்கலன்னுதான கேட்டிருக்கு?”

“வக்கீல் கணக்கா பேசாதம்மா.”

“அனுமதின்னா யாரு தரணும்?”

“தனி அலுவலர்.”

“அவிய கடையப் பத்தி எழுத அவியகிட்டயே போய் நிக்கணுமா? வெளங்கிரும்.”

பக்கத்து மேசைப் பொன்னுராஜ் சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கினார். “பேரப் போடாம ‘ஒரு வாசகி’ன்னு எழுதியிருக்கலாம்லா, தாயி? நாங்கல்லாம் அப்படித்தான...” காசிராஜன் முறைத்ததும் மிச்சத்தையும் விழுங்கிக்கொண்டார்.

அழகுத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேர் போடாத கடிதங்களுக்கும் இதே மேசையில் உட்கார்ந்து அவள் மறுப்பு எழுதியிருக்கிறாள். பதினொன்று. ஒரு தடவைகூடக் கடைப்பக்கம் போய்ப் பார்த்ததில்லை. பழைய மறுப்பில் தேதியை மாற்றினால் வேலை முடிந்தது. மில் ஷிப்டு முடிந்து காலி மண்ணெண்ணெய் டின்னோடு வந்த அம்மா சீனியம்மாள், ஈரச் சுள்ளியை ஊதி ஊதி இருமியபோதுதான் அந்தப் பதினொன்றும் நினைவுக்கு வந்து அவள் இந்தக் கடிதத்தை எழுதினாள்.

“ஆபீஸ்ல இருந்தா எழுதுனேன்? வீட்டுல உக்காந்து ரேஷன் கார்டுக்காரியா எழுதுனேன் சார்.”

“கார்டுக்காரிக்கு ஒரு கை, கிளார்க்குக்கு ஒரு கையா? ஏம்மா என் உசுர வாங்குத? அஞ்சு மணிக்கு தனி அலுவலர் கேப்பாரு. நாலு வரி எழுதிக் குடு. மெமோவ நான் பேசி மடக்கிருதேன். உன்ன வெளிய அனுப்ப எனக்கு மட்டும் ஆசையா?”

அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்ட மனுஷராக இருந்தால் சண்டை போடுவது எளிது.

அவள் எழுதினாள். ‘கடிதத்தில் கண்டவை உண்மை. கடிதம் எழுதியவரும் இந்தக் குறிப்பை எழுதுபவரும் ஒருவரே. கடையை நேரில் பார்வையிட்டு, மாலையிலும் திறக்க உத்தரவிடலாம்.’

காசிராஜன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

“ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? இது எங்கிட்ட இருந்துதான் மேல போகணும். என் கையெழுத்து இல்லாம மாரிச்சாமி தொடக்கூட மாட்டான்.”

“தெரியும் சார்.”

“நான் போட்டா எனக்கும் சேத்து மெமோ வரும், அது தெரியுமா?”

பொன்னுராஜ் குடித்து முடித்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழகுத்தாய் மூடியைத் திருகி எடுத்துவிட்டு, பேனாவைக் காசிராஜன் பக்கமாகக் கோப்பின்மேல் வைத்தாள்.

“ஒத்துக்கிடுதேன்னு எழுத வேண்டாம் சார். ‘பார்த்தேன்’னு மட்டும் போட்டு அனுப்புங்க.”