பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்

டிரைவிங் மாஸ்டரின் நெஞ்சுக்குள் வைத்த கருவி முதன்முதலாக மின்னதிர்ச்சி கொடுத்தபோது, சோபாவிலிருந்து தூக்கி எறியப்பட்டுச் செருப்பு அலமாரியில் போய் விழுந்தவர் மாஸ்டர் அல்ல, அவருடைய மைத்துனர். காலை பதினொன்று இருபது. இதய நோயாளி எப்படி மூச்சுவிட வேண்டும் என்று மைத்துனர் முக்கால் மணி நேரமாக வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். இதயத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது இடது பக்கம் இருக்கிறது என்பதுதான். மாஸ்டருக்கு ஒரு விக்கல் வந்ததோடு சரி. கீழே கிடந்தவரைப் பார்த்து, "பேசி முடிச்சாச்சா?" என்றார்.

இருபத்தெட்டு ஆண்டுகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததில் மாஸ்டர் மனிதர்களை இரண்டே வகையாகப் பிரித்திருந்தார்: கிளட்சை மிதித்தே கெடுப்பவர்கள், கண்ணாடியைப் பார்க்காமல் கெடுப்பவர்கள். மூன்றாவது வகையை அவர் கண்டதில்லை. ஐம்பத்தாறு வயதில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. இதயம் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு இரத்தத்தைத்தான் வெளியே தள்ளுகிறது, எப்போது வேண்டுமானாலும் தாளம் தப்பி நின்றுபோகலாம் என்றார் மருத்துவர். தப்பினால் அதட்டி வழிக்குக் கொண்டுவர, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவியை இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், ஆறு மாதம் வண்டி ஓட்டக்கூடாது. கடைசி உத்தரவைக் கேட்டு மாஸ்டர் மருத்துவரைப் பார்த்த பார்வை, பின்பக்கமாக வந்து சுவரை இடித்தவர்களுக்கு மட்டுமே கிடைப்பது.

மைத்துனர் விழுந்த மறுநாள், பரிசோதனை அறையில் டெக்னீஷியன் பெண் திரையைப் படித்தாள். "நேத்து பதினொன்னு இருபதுக்கு முப்பத்தஞ்சு ஜூல் ஷாக் போயிருக்கு சார். உங்களுக்குத் தெரியலையா?"

"என் மைத்துனருக்குத் தெரிஞ்சுது."

அவள் அதை அப்படியே குறித்துக்கொண்டாள்.

கைக்கெட்டும் தூரத்தில் யார் இருக்கிறாரோ அவருக்குத்தான் அடி போகும் என்பது ஒரே வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நலம் விசாரிக்க வரிசையில் வந்தவர்கள் காணாமல் போனார்கள். "உங்களுக்காக உயிரையே கொடுப்போம் மாஸ்டர்" என்று கண் கலங்கிய டிரைவிங் ஸ்கூல் சங்கத்தார் பழக்கூடையைக் கேட்டில் மாட்டிவிட்டு, மணியைக்கூட அடிக்காமல் ஓடினார்கள். மகன் வாசற்படியில் நின்றபடியே அப்பாவுக்குத் தைரியம் சொன்னான். மைத்துனர் மட்டும் போனில் மூச்சுப் பயிற்சியைத் தொடர்ந்தார். மாஸ்டர் ஒவ்வொருவரையும் மனசுக்குள் தேர்வில் தோற்கடித்து, தாளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாதம் குளியலறையில் தனியாக இருந்தபோது கருவி மறுபடி வேலை செய்தது. பக்கத்தில் ஆள் இல்லாததால் அடி அவருக்கே வந்தது. உள்ளேயிருந்து குதிரை உதைத்த மாதிரி இருந்தது. ஈரத் தரையில் கிடந்தபோது முதன்முதலாகப் பயம் வந்தது. யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். ஊரையே ஓட்டவைத்த மனிதர் அவளுக்கு மட்டும் கற்றுத்தரவில்லை, கல்யாணமான புதிதில் கேட்டபோது, "உனக்கெல்லாம் எதுக்கு?" என்றிருந்தார். அன்றிலிருந்து இருபத்தாறு ஆண்டுகளாக அவள் பேருந்தில் போனாள், அவரை ஒரு பொருட்டாக மதிக்காமல் குடும்பம் நடத்தினாள். அவள்தான் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "பாசம்னு நினைச்சுக்காதீங்க. நீங்க விழுந்தா தூக்கறது நான்தான், இடுப்பு தாங்காது" என்றாள். ஒன்பதாம் நாள் அடி விழுந்தது. கையிலிருந்த தம்ளர் தெறித்தது, அவள் நாற்காலியைவிட்டு நகரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவுதானா? இதுக்கா எங்கண்ணன் செருப்புல போய் விழுந்தாரு?" என்றாள். பிறகு சேலையைத் துடைத்துவிட்டு, "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுங்க" என்றாள்.

மறுக்க அவருக்கு முகம் இல்லை. பழைய வண்டியில் அவள் ஸ்டியரிங்கைப் பிடிக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளட்ச், கண்ணாடி என்று தினமும் வசைபாடினார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாலாவது வாரம், ரவுண்டானாவில் லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே திரும்பும்போது அவர் கண் இருண்டது. கருவி அடித்தது. அவள் உடம்பு சீட்டிலிருந்து துள்ளியது, பல்லில் பல் மோதியது. ஸ்டியரிங்கிலிருந்து விரல் ஒன்றுகூட விலகவில்லை. கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பேருந்துக்கு வழிவிட்டு, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள். அதன் பிறகுதான் ஸ்டியரிங்கை விட்டாள்.

மாஸ்டர் வெகுநேரம் குறை தேடினார். கிடைக்கவில்லை. "வலிச்சுதா?" என்றார்.

"அட, கேக்கக்கூடத் தெரியுமா உங்களுக்கு" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உரிமத் தேர்வில் முதல்முறையே தேறினாள். ஆறு ஆண்டுகளில் அவள் வாங்கிய அடி பதினாலு. மூன்று மாதத்துக்கொருமுறை அவளே ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிறாள். வழியெல்லாம் அவர் வாயைத் திறப்பதில்லை. டெக்னீஷியன் அவருடைய கருவியைப் படித்து முடித்ததும், கோப்பில் அடுத்த பக்கத்தைப் புரட்டி, "நீங்க சொல்லுங்கம்மா, இந்தத் தடவை எத்தனை, எங்கே வலிச்சுது?" என்று அவளிடம் கேட்டு எழுதிக்கொள்கிறாள்.